சேமக்காலையில் சொன்ன சொல்

காசு செலவில்லாமல் பிள்ளைகளைச் சந்தோசப்படுத்துவதில் பிரதாபனை வெல்ல ஒக்லாந்தில் இன்னும் ஒருவர் பிறக்கவில்லை. விரி என்ற புறநகரில் ஒரு பண்டகசாலையில் கிழமை முழுக்கப் பெட்டி அடுக்குகிற மனிதன். சனிக்கிழமை விடிந்ததும் முகத்தில் ஒரு தனிக் களை வந்துவிடும். ஒனிஹங்கா லகூன் ஏரியில் வாத்துப் பார்ப்பது, நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பதைக் கேட்பது, வேலையிடத்தில் எறிகிற மட்டைப் பெட்டியைக் கொண்டுபோய் எரிமலைக் குன்றின் புல்லில் வைத்து, அதில் குந்திச் சறுக்குவது என்று கிழமைக்கு ஒன்று கண்டுபிடிப்பான்.

"வீட்டுக்குத்தான் வாடகை நிரு. புல்லுக்கும் கடலுக்கும் ரெண்ட் கேட்டு ஒருத்தனும் இன்னும் வரேல்லை" என்று மனைவி நிருஜாவிடம் பெருமையடிப்பான்.

நிருஜாவின் பங்கு சாப்பாட்டுக் கூடை. அதோடு இன்னொன்றும் அவளுடைய பொறுப்பு. எங்கே போனாலும் புறப்படும்போது அந்த இடத்திடம் சொல்லிக்கொண்டு வரவேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் 'போறன்' என்ற சொல் வாயில் வராது. மூலைக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் 'போட்டு வாறன்'தான். வெறும் போறன் என்றால் அது திரும்பி வராத பயணம். மூத்தவள் ஸ்ருதிக்கு ஐந்து வயது, தமிழில் என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில். ஆனால் இந்த ஒன்றை மட்டும் அட்சரம் பிசகாமல் சொல்லுவாள். வாத்துகளுக்குச் சொல்லுவாள், சறுக்கு மரத்துக்குச் சொல்லுவாள், பஸ் ஓட்டுகிறவருக்கும் கையசைத்து, "போட்டு வாறம்!" என்பாள். தாய்க்கு அதைக் கேட்க அப்படி ஒரு பூரிப்பு.

அந்தச் சட்டத்துக்கு ஒரு விலக்கு உண்டு. செத்த வீட்டிலும் சுடலையிலும் சொல்லிக்கொள்ளக் கூடாது. சத்தமில்லாமல் எழும்பி வந்துவிட வேண்டும். அதை அவள் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பச்சைப் பிள்ளைக்கு எந்தத் தாய் அதைப்போய்ச் சொல்லுவாள்?

அந்தச் சனிக்கிழமை கடற்கரைக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒக்லாந்து மழைக்கு வரத்தும் தெரியாது, போக்கும் தெரியாது. பிரதாபன் காரை ஒரு பெரிய மரக்கூட்டத்துக்குக் கீழே விட்டான். மழை விட்டதும் பார்த்தால் நல்ல புல்வெளி, குந்த ஒரு வாங்கு, தண்ணீர்க் குழாய், ஒரு வெள்ளைக்காரி நாயோடு நடந்துகொண்டிருந்தாள்.

"பாத்தியா, மழையே எங்களுக்குப் பார்க் காட்டித் தருது" என்றான்.

பாயை விரித்தார்கள். நிருஜா ரோல்ஸைப் பங்கிட்டு, சின்னவன் சஞ்சீவனை மடியில் வைத்து ஊட்டினாள். ஸ்ருதி வேலிச் செடிக்கு அப்பால் ஓடிப் போனாள். பிள்ளை யாரோடோ கதைத்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. வேறு பிள்ளைகள் வந்திருக்கும் என்று நினைத்து, கை கழுவிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தாள்.

செடிக்கு அப்பால் முழுக்கக் கல்லறைகள். பழைய சேமக்காலை. சாய்ந்ததும் உடைந்ததுமாகச் சிலுவைகள். நடுவில் ஒரு சின்னக் கல்லறை, அதன்மேல் படுத்திருக்கும் சலவைக்கல் ஆட்டுக்குட்டி. ஸ்ருதி அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தன் ரோல்ஸில் பாதியைப் பிய்த்து ஆட்டுக்குட்டியின் வாயருகே வைத்திருந்தாள். கல்லில் பெயர் அழிந்து போயிருந்தது. கீழே வயது மட்டும் வாசிக்கக் கூடியதாக இருந்தது. ஐந்து.

"எழும்பு பிள்ளை! கையை எடு! வா இஞ்சால!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பாயைச் சுருட்டி, சின்னவனை அள்ளி, காருக்குள் எல்லாவற்றையும் எறிந்தாள். பிரதாபன் திகைத்துப்போய் எஞ்சினைப் போட்டான். எவ்வளவு அவசரப்பட்டு என்ன? கார் நகரும்போது ஸ்ருதி யன்னலைத் திறந்து, பழகிய பழக்கத்தில், உரத்துச் சொன்னாள்.

"போட்டு வாறம்!"

வீட்டுக்கு வந்ததும் நிருஜா பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தலையில் தண்ணீர் வார்த்தாள். கண்டதைச் சொல்லி, புருசனையும் குளிக்கச் சொன்னாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நூறு வருசத்துக்கு முந்திச் செத்த வெள்ளைக்காரப் பிள்ளைக்குத் தமிழ் விளங்குமோ?" என்று பிரதாபன் துவாயோடு நின்று சிரித்தான்.

"விசர்க் கதை கதையாதேங்கோ. போய்க் குளியுங்கோ."

அவன் சிரிப்பு அதிகநாள் நிற்கவில்லை. ஸ்ருதி எதைத் தின்றாலும் பாதியை ஒதுக்கி வைக்கத் தொடங்கினாள். பிஸ்கட்டில் பாதி, வாழைப்பழத்தில் பாதி. அடுத்த சனிக்கிழமை லகூனுக்குப் போனபோது வாத்துகளைத் திரும்பியும் பார்க்கவில்லை, வாங்கில் சப்பாத்தோடு கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு குந்தியிருந்தாள்.

"அவள் இங்கே வரமாட்டாள். அவளுக்கு அங்கே மட்டும்தான் இருக்கத் தெரியும். நாங்கள் வருவோம் என்று சொன்னோமே" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஆரம்மா அவள்?" என்று நிருஜா கேட்டாள்.

"ஆட்டுக்குட்டி வைத்திருக்கிறவள்."

அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது. இறங்கும், ஏறும். டாக்டர் பார்த்து, வைரஸ்தான், தானாகப் போய்விடும் என்றார். பனடோல் கொடுத்தால் தணியும், பின்னேரமானால் மறுபடி கொதிக்கும். பிள்ளை மெலிந்துகொண்டே போனாள். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. காய்ச்சலில் கிடந்தபடியே, "நாங்கள் எப்போது போவோம்?" என்று கேட்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் நிருஜா எழும்பி யன்னலைச் சாத்துவாள். அந்தக் கல்லறை என் பிள்ளையைக் கூப்பிடுகிறது, கொண்டுபோகத்தான் கூப்பிடுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. யார் என்ன சொன்னாலும் அந்தப் பயம் அவளை விட்டுப் போகவில்லை.

முதியோர் இல்லச் சமையலறையில் அவளோடு வேலை செய்கிற மெலனி மன்னார்க்காரி, கிறிஸ்தவ வேதக்காரி. மரக்கறி வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"இதுக்கே இவ்வளவு பயம்? நாங்கள் சேமக்காலைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போறது. புல்லுப் புடுங்கி, மெழுகுதிரி கொளுத்தி, ஒரு செபம் சொல்லிப்போட்டு, அடுத்த வருசமும் வாறம் எண்டுதான் வருவம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ நிரு. ஒரு பூ வை. பாவம், அங்க கிடக்கிறதும் ஒரு சின்னப் பிள்ளைதானே."

"உங்கடை ஆக்களுக்கு அது சரி மெலனி. எங்களுக்கு அப்பிடியில்லை."

"செத்ததுகளுக்கு என்னடி உங்கடை ஆக்கள், எங்கடை ஆக்கள்?" மெலனி கத்தியை வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். நிருஜா பேச்சை மாற்றினாள்.

அவள் வேறொரு முடிவுக்கு வந்திருந்தாள். சொன்ன சொல்தான் இழுக்கிறது என்றால் அந்தச் சொல்லை முறித்துவிட வேண்டும். ஆர் சொன்னதோ அவளே அங்கே நின்று முறிக்க வேண்டும். காய்ச்சல் கொஞ்சம் தணிந்த ஒரு காலையில், பிரதாபன் வேலைக்குப் போனபின், சின்னவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஸ்ருதியைக் காரில் ஏற்றினாள். எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. ஸ்ருதியின் கைக்குள் பாதி பிஸ்கட் இருந்தது.

சேமக்காலையில் ஆள் நடமாட்டம் இல்லை. புல்லெல்லாம் நனைந்து கிடந்தது. ஆட்டுக்குட்டியின் முதுகு மட்டும் காய்ந்திருந்தது, யாரோ அதுவரை அணைத்துக்கொண்டு இருந்த மாதிரி. ஸ்ருதி பிஸ்கட்டை வைக்கக் குனிந்தாள். நிருஜா அதைப் பறித்துத் தன் பைக்குள் போட்டாள்.

"பிள்ளை, அம்மா சொல்லுறதை அப்பிடியே சொல்லவேணும். நாங்கள் போறம்."

ஸ்ருதி தாயை அண்ணாந்து பார்த்தாள். "போட்டு வாறம்" என்றாள்.

"அது இல்லை. போறம். இனி வரமாட்டம். சொல்லு!"

பிள்ளை தலையாட்டி மறுத்தாள். உதடு பிதுங்கியது. நிருஜா அவளுடைய இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். அப்படி அவள் ஒருநாளும் செய்ததில்லை. "சொல்லடி!"

"போறம்" என்றாள் ஸ்ருதி, கேட்டும் கேளாத குரலில். "இனி வரமாட்டம்."

நிருஜாவும் சொன்னாள். பிறந்த நாள்முதல் வாயில் வராத சொல், நாக்கில் கல்லாகக் கனத்தது. மரங்களில் அதுவரை கத்திக்கொண்டிருந்த குருவிகள் ஓய்ந்தன. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் விறுவிறு என்று நடந்தாள். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழத் தொடங்குமுன் ஒரு குழந்தை மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். அது ஸ்ருதியுடையது என்றே நினைத்து முதுகைத் தட்டிக் கொடுத்தாள். ஆனால் தோளில் கிடந்தவள் அழவில்லை. பின்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவள் அழுகிறாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"பாராத. திரும்பிப் பாக்கக் கூடாது" என்று சொல்லி நிருஜா பிள்ளையின் கண்ணைக் கையால் பொத்தினாள்.

அன்று பின்னேரம் காய்ச்சல் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஸ்ருதி கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள், எதையும் ஒதுக்கி வைக்கவில்லை. பிரதாபன், "டாக்டர் சொன்னவர்தானே, தானாப் போகுமெண்டு" என்று வெற்றிவீரன் போலச் சொன்னான். நிருஜா சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, என் பிள்ளையைத் தந்துவிட்டாய் என்று விழுந்து கும்பிட்டாள். மெலனியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை குன்றுக்குப் போய்ச் சறுக்கினார்கள். ஸ்ருதி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். புறப்படும்போது மட்டும் ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறினாள். நிருஜாவும் வற்புறுத்தவில்லை, கொஞ்ச நாளைக்கு அந்தச் சொல் வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசல். மழைக் கோட்டும் முதுகுப் பையுமாகப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு போனார்கள். நிருஜா குனிந்து மகளின் சப்பாத்துப் பட்டியை இறுக்கி, கன்னத்தில் கொஞ்சினாள். கன்னம் பழையபடி உப்பியிருந்தது. ஸ்ருதி கையை விடுவித்துக்கொண்டாள்.

"அம்மா, போறன்" என்றாள். சுத்தமான தமிழ்.

நிருஜா அவளை மறித்தாள். "அப்பிடிச் சொல்லக் கூடாது குஞ்சு. போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ. அம்மாவுக்குச் சொல்லுங்கோ."

ஸ்ருதியின் முகத்தில் கோபமும் இல்லை, விளையாட்டும் இல்லை.

"வேண்டாம் அம்மா. அப்படிச் சொன்னால் கேட்டவர்கள் காத்துக்கொண்டே இருப்பார்கள்" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்.

"ஸ்ருதி! என்ரை செல்லம், ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போ!"

பக்கத்தில் நின்ற தாய்மார் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை முதுகுப் பையைத் தூக்கிச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பாராமல் உள்ளே நடந்தாள். வகுப்பறைக் கதவு சாத்தப்பட்டது. மற்றத் தாய்மார் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். வேலையிடத்திலிருந்து மெலனி எத்தனையோ தடவை போன் எடுத்தாள். மழை வந்தது, விட்டது, மறுபடி வந்தது. பள்ளிக்கூடம் விடுகிற மணி அடிக்குமட்டும் நிருஜா அந்தக் கம்பி வேலியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.