மாசானத்தின் கீறல் படாத கேமரா

மாசானம் ஒரு கேமரா வாங்க எடுத்துக்கொண்ட நேரத்தில், இருங்காட்டுக்கோட்டைக் கார் தொழிற்சாலையில் ஒரு புதுக் காரையே வரைந்து, செய்து, ரோட்டில் ஓட விட்டிருக்கலாம்.

அவர் பம்பர் செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பவர். லைனில் வருகிற பம்பரை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். மயிரிழை அளவுக்குக் கோடு இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரங்கட்டிவிடுவார். அந்தக் குணத்தைக் கம்பெனி கேட்டோடு விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை, மெஸ்ஸில் தட்டைக்கூட அப்படித்தான் சாய்த்துப் பார்ப்பார். இப்பேர்ப்பட்டவர் பக்கத்து வயர் கம்பெனியில் வேலை பார்த்த பெண்ணான என்னைக் கட்டிக்கொள்ள எப்படி ஓகே பண்ணினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டு பேருக்கும் ஊர் தெற்கே. அவருக்கு நாங்குநேரிப் பக்கம், எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் பைக்கில் எங்கேயாவது சுற்றப் போவோம்.

"பைக்ல போகும்போது படம் எடுக்கச் சின்னதா ஒரு கேமரா வேணும், வேலு. சட்டப்பைக்குள்ள அடங்கணும். ரோட்டுல எம்புட்டுக் குலுங்குனாலும் ஒண்ணும் ஆவக்கூடாது" என்றார். நியாயமான ஆசைதான் என்று நானும் பர்மா பஜாருக்குக் கூடவே போனேன். என் புத்தியை என்ன சொல்ல!

ஜூம் வைத்த கேமராவைக் காட்டினால், "மூக்கு வெளிய நீளுது, பைக் ஆட்டத்துல உள்ள இருக்க பல்லுச்சக்கரம் தேஞ்சிரும்" என்று தள்ளினார். இன்னொன்றில் பேட்டரி மூடிக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி அதிகமாம். கம்பெனியிலிருந்து இடுக்கு அளக்கும் தகட்டைச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்த மனிதரிடம் கடைக்காரர் என்ன பேசுவார், பாவம்? அடுத்தடுத்த வாரங்களில் எங்கள் தலையைப் பார்த்ததும் அவர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். கடைசியில் ஜூம் இல்லாத கறுப்புக் கேமரா ஒன்று பாஸானது. பிலிம் ரோல் போடுவது, உள்ளங்கையில் அடங்கும், தள்ளித் திறக்கிற மூடி. பொய் சொல்லக் கூடாது, நல்ல கேமராதான்.

அந்தச் சமயத்தில்தான், மாசானத்தைப் பற்றி நான் ஏற்கெனவே சொல்லியிருந்த அம்மா எஸ்.டி.டி. பூத்தில் பேசினாள். "பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருவல்லா? அந்தப் பையன் போட்டோ ஒண்ணு எடுத்துட்டு வா. மொகத்தக் காட்டுனா ஒங்க அய்யாட்ட நான் பேசிக்கிடுதேன். இல்லன்னா கயத்தாறுக்காரங்கள ஒன்னப் பொண்ணு பாக்க வரச் சொல்லிருவாரு."

மாசானத்தை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவர் நேரில் வர முடியாது. லீவு கிடைக்காது, பம்பர்கள் அவரைக் காணாமல் ஏங்கிவிடும். சரி, ஸ்டுடியோவில் ஒரு போட்டோ எடுத்துத் தாங்க என்றேன்.

"கையில கேமராவ வச்சுக்கிட்டு ஸ்டுடியோவுக்கா? ரெண்டு பேரும் பைக்கோட நிக்க மாதிரி எடுப்போம். ஒங்க அய்யா அசந்துருவாரு."

படம் எடுக்கக் கிளம்புகிற அன்று காலையில் பார்க்கிறேன், லென்ஸ்மேல் வட்டமாக வெட்டிய பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறது. பம்பரில் கீறல் விழாமல் ஒட்டி அனுப்புவார்களே, அதே பால்நீலத் தாள்.

"இது எதுக்கு?"

"ஒரகடம் ரோட்டு லாரி மண்ணு பட்டா லென்ஸுல கோடு விழுந்துரும். இத உரிக்கது கஸ்டமர் வேல. நாம தொடப்பிடாது."

"கஸ்டமரே நீங்கதான?"

கேமராவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தார். எனக்கும் கேமராவைப் பற்றி என்ன தெரியும்? அதில் கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. ஓட்டை வழியாக உலகம் பளிச்சென்றுதான் இருந்தது.

ஒரகடம் தாண்டி வடக்குப்பட்டு ஏரிக்கரை வரைக்கும் வழியெல்லாம் படம். மைல்கல் பக்கத்தில் பைக், புளியமரத்தடியில் பைக், ஏரியைப் பார்த்தபடி பைக். "வேலு, கொஞ்சம் தள்ளிக்கோ, ஒன் நெழல் டேங்குல விழுது" என்று என்னை ஓரங்கட்டினார். ஒருவழியாகக் கேமராவைக் கரையிலிருந்த கல்மேல் வைத்து, ஹெல்மெட்டை முட்டுக்கொடுத்து, டைமரைத் தட்டிவிட்டு ஓடிவந்து என் பக்கத்தில் நின்றார். மூச்சு வாங்கச் சிரித்தார். அந்த நிமிஷம் நான் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன்.

ரோலைச் சென்னைக்கு அனுப்பிக் கழுவித் தருகிறவர் ஸ்ரீபெரும்புதூர் ஸ்டுடியோக்காரர் கோதண்டம். நான் ஊருக்கு பஸ் ஏற வேண்டிய சாயங்காலம்தான் படங்கள் வந்தன. பையோடு நேரே அங்கேதான் போனோம்.

"இன்னா தம்பி, ஊட்டிக்கா போய் வந்த? ஒரே பனியாக் கீது" என்று கவரை நீட்டினார் கோதண்டம்.

எல்லாப் படத்திலும் நீலப் புகை. ஏரிக்கரைப் படத்தில் புகைக்குள் இரண்டு தூண்கள் நின்றன. நெட்டையான தூண் என் வருங்கால மாப்பிள்ளை என்று அய்யாவிடம் சொல்லலாம்.

கோதண்டம் கேமராவை வாங்கிப் பார்த்துச் சிரித்தே விட்டார். நான் அதைப் பிடுங்கி, பிளாஸ்டிக் விளிம்பில் நகத்தைக் கொடுத்தேன்.

"ஏய், நகம் படுது! லென்ஸு!" என்று கத்தினார் மாசானம். என்மேல் அவர் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கேமராவை வாங்கி, டியூப்லைட்டுக்குக் கீழே போய்ச் சாய்த்துப் பார்க்க ஆரம்பித்தார்.

கோதண்டத்துக்கு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ. "கண்ணு, வருத்தப்படாத. ரெண்டு பேரும் வந்து நில்லுங்க. பிளாக் அண்ட் ஒயிட்ல அர்ஜெண்டாப் போட்டு அரை மணியில கையில குடுத்துர்றேன்" என்றார்.

நான் போய்த் திரைக்கு முன்னால் நின்றேன். விளக்கும் போட்டாகிவிட்டது.

"வாங்களேன்" என்று கூப்பிட்டேன்.

"இரு வேலு, ஓரத்துல ஒரு கோடு தெரியுது. நீ இழுத்ததா, முன்னாடியே இருந்ததான்னு பாக்கேன்."

நின்றேன். விளக்குச் சூட்டில் வேர்த்தது. கோதண்டம் என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். மாசானம் நிமிரவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். விழுப்புரம் தாண்டும்வரை அழுகை நிற்கவில்லை.

வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா, "போட்டோ எங்க?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

அவள் நேரே உள்ளே போனாள். அலமாரியிலிருந்து கயத்தாறுக்காரர் படத்தை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். பின்னால் வரைந்த அருவி, பக்கத்தில் பிளாஸ்டிக் பூச்சாடி, அளவு சரியில்லாத சட்டை. மாசானம் பார்த்திருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் போதாமல் போயிருக்கும். படத்தில் அந்த மனிதர் நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரச் சொல்லும்மா" என்றேன்.