சாலுபாய் வாய் திறக்கவில்லை

கராஞ்சகாவ் கிராமத்தில் அந்த மாதம் முழுக்கக் கௌசல்யாவின் விசில்தான் ஊரை எழுப்பியது. இருட்டு பிரியுமுன் ஐந்தாறு பெண்கள் டார்ச்சும் செவ்வந்தி மாலையுமாகக் கிளம்பிவிடுவார்கள். செம்போடு சோளக்காட்டுப் பக்கம் ஒதுங்குகிறவர் எவராயிருந்தாலும் விசில், கைத்தட்டல், கழுத்தில் மாலை, ஒரு போட்டோ. போட்டோ ஊர் முழுக்கப் போனில் போய்விடும். எல்லாம் பஞ்சாயத்து அதிகாரியான கிராமசேவக் கொடுத்த யோசனை. புண்ணியவான், அவர் குடியிருப்பது தாலுகா டவுனில்.

மற்றவர்களுக்கு அது பாதி விளையாட்டு. கௌசல்யாவுக்கு அப்படியில்லை. போன மழைக்காலத்தில் காட்டு அசிங்கமெல்லாம் கிணற்றில் இறங்கி, அவளுடைய மூன்று வயது சாயலி வாந்திபேதியில் போய்விட்டாள். கெஞ்சிப் பார்த்தாள், கூட்டம் போட்டுச் சொன்னாள், ஒருவரும் அசையவில்லை. மாலை விழ ஆரம்பித்த பிறகுதான் ஊர் கழிப்பறைக் கதவைத் திறந்தது. மானம் போனால்தான் இந்த ஜனங்களுக்குப் புத்தி வரும் என்று அவள் சொன்னால், பிள்ளையைப் பறிகொடுத்தவளை எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்?

திங்கட்கிழமை மாட்டியவர் பிகாஜி காகா. வீட்டில் கழிப்பறை இருந்தும் காட்டுக்கு வந்த கிழவர். கௌசல்யா மாலையைத் தூக்கியதும், வாழ்நாள் பழக்கம், மனுஷர் தலையைக் குனிந்து கொடுத்துக் கையையும் கூப்பிவிட்டார். கல்யாண வீட்டில் சம்பந்தி மரியாதை வாங்குகிறவர் மாதிரி. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கௌசல்யாவும் சிரித்தாள். அந்தப் போட்டோவைத்தான் ஊரே பார்த்தது.

புதன்கிழமை காலை காகா அவள் வாசலில் வந்து நின்றார்.

"மருமவளே, மாலை போட்டவ நீதானே? நீயே வந்து உன் காக்கூவுக்கு ஒரு வாய் ஊட்டு. முந்தாநாள்லேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல."

காகாவின் மனைவி சாலுபாய், ஊருக்கே சித்தி முறையான காக்கூ, பக்கவாதத்தில் படுத்த படுக்கை. கௌசல்யா மோர் கலந்த சோளக்கூழை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"கோவமா காகா எம்மேல?"

"கோவப்பட்டாத்தான் பரவால்லையே. அந்தக் கக்கூஸ் அவளுக்காகக் கட்டினது. நான்தான் தூக்கிட்டுப் போய் உக்கார வைப்பேன். ரெண்டு குழி போடணும்; காண்ட்ராக்டர் ஒண்ணைத் தோண்டிட்டு ஓடிட்டான். சின்னக் குழி. அவ ஒருத்தின்னா தாங்கும். நானும் போனா சீக்கிரம் ரொம்பிடும். அப்புறம் யாரு அள்ளுவா? முன்ன அள்ளின ஜனங்க இப்ப வரமாட்டாங்க, வரவும் கூடாது. அதான் நான் காட்டுக்குப் போனேன்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே காகா!"

"நீ எங்க சொல்லவிட்ட? ஊதிட்டேல்ல இருந்த."

கௌசல்யா கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நடையை எட்டிப் போட, காகா மேலும் சொன்னார்.

"போட்டோவ எவனோ அவகிட்ட காட்டித் தொலைச்சிட்டான். 'நான் தின்னாத்தானே போகணும்? இனி கக்கூஸ் உனக்கு'ன்னு வாய மூடினவதான்."

சாலுபாய் கொல்லையைப் பார்த்த ஜன்னலோரக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. நர்ஸ் வந்து பார்த்து, மத்தியானத்துக்குள் தண்ணீராவது இறங்காவிட்டால் பிழைக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டு வண்டி பிடிக்கப் போயிருந்தாள். வண்டியில் ஏற்றினால் வழியிலேயே செத்துப்போவேன் என்று கிழவி சத்தியம் செய்திருந்தாள்.

"காக்கூ, ஒரு வாய். காகா இனிமே எங்க வீட்டுக் கக்கூசுக்கு வரட்டும்."

"செம்பத் தூக்கிக்கிட்டு நடுத்தெரு வழியாவா?" பாதி வாய்தான் அசைந்தது. "இன்னொரு போட்டோ பிடிக்கவா?"

கௌசல்யா காலைப் பிடித்தாள். கிழவி காலை இழுத்துக்கொள்ள முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கௌசல்யா வெளியே ஓடிவந்து கிராமசேவக்குக்குப் போன் போட்டு, போட்டோவை அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"அது ஜில்லா ஆபீஸ் வரைக்கும் போயிடுச்சே தாயி. மேலேருந்து பாராட்டு வந்திருக்கு!"

சாயலியின் வாயும் கடைசியில் இப்படித்தான் மூடிக்கொண்டது. ஊற்றிய தண்ணீர் கடைவாய் வழியே வழிந்தது. அன்றைக்கு அவள் திட்ட ஒரு ஊரே இருந்தது. இன்றைக்குத் திட்டத் தன்னைத் தவிர யாரும் இல்லை.

கொல்லையில் கடப்பாரை கிடந்தது. பழைய குழிக்குப் பக்கத்தில் இறங்கி இரண்டாவது குழியைத் தோண்ட ஆரம்பித்தாள். வெயிலில் இறுகிய கரிசல், ஒவ்வொரு கட்டியும் பாறை மாதிரி பெயர்ந்தது. காகா கூடையைத் தூக்க வந்தபோது, "நீங்க காக்கூகிட்ட இருங்க" என்று விரட்டினாள்.

ஊருக்கு வேறென்ன வேலை? வேலியோரம் கூட்டம் கூடிவிட்டது. முதலில் வந்தது அவளோடு விடிகாலையில் சுற்றுகிற மந்தா.

"ஏய் கௌசி, மூளை கீளை கலங்கிடுச்சா? நம்ம சாதியில ஒருத்தி கக்கூஸ் குழியில இறங்குவாளா? ஏறி வாடி, மானம் போகுது!"

கௌசல்யாவின் கணவன் தின்கரும் வந்தான். "இப்ப வீட்டுக்கு வரலன்னா, எப்பவுமே வர வேணாம்." சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளங்கைக் கொப்புளங்கள் உடைந்து கடப்பாரை வழுக்கியது.

காகா ஜன்னலில் தலையை நீட்டினார். "மருமவளே, கேக்குறா. அது யாருக்குக் குழின்னு."

"உங்களுக்குன்னு சொல்லுங்க. இனிமே ரெண்டு பேருக்கும் போதும்னு சொல்லுங்க!"

உள்ளே முணுமுணுப்பு. காகா திரும்பி வந்தார். "நம்பமாட்டேங்கறா. பாதியில விட்டுட்டுப் போயிடுவியாம், அந்தக் காண்ட்ராக்டர் மாதிரி. உன் தலை மறையட்டும், அப்புறம் குடிக்கிறேங்கறா."

குழி இன்னும் இடுப்பளவுதான். அடியில் சரளை தட்டியிருந்தது. இரண்டு ஆள் சாயங்காலம் வரை வெட்டினாலும் ஆள் உயரம் ஆகாது. கடப்பாரை பட்ட இடத்தில் தீப்பொறிதான் பறந்தது. கௌசல்யா வெறி பிடித்தவள் போலக் குத்தினாள்.

"கண்ணு சொருகுது மருமவளே!" காகா அலறினார். "அவ கண்ணு சொருகுது!"

கௌசல்யா கடப்பாரையைப் போட்டாள். புடவையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு குழிக்குள் குந்தி உட்கார்ந்தாள். தலையைக் கவிழ்த்தாள்.

"மறைஞ்சிருச்சு காகா! பாக்கச் சொல்லுங்க! குடிக்கச் சொல்லுங்க!"

வேலியோரம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குந்தியிருக்கிற பெண் பிள்ளை, அதுவும் விசில்கார கௌசல்யா. போன்கள் ஒவ்வொன்றாகக் குழியின் விளிம்புக்கு மேல் நீண்டன. மந்தாதான் முதலில் எடுத்தாள்.

காகா டம்ளரை வாயில் வைத்துவிட்டார் போல. உள்ளேயிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அவர் குரல் கேட்டது. எழுந்தால் கிழவி கண்ணில் தலை பட்டுவிடும். டம்ளர் காலியாகும் வரை கௌசல்யா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.