சனிக்கிழமைக் கப்பலின் நாற்காலிகள்

சனிக்கிழமைக் கப்பல் தொலைக்காட்சித் தொடரின் பத்தாம் ஆண்டு மறு ஒளிபரப்பில், எட்டாவது நாற்காலியில் அந்த வட்டாரத்துத் தபால்காரர் உட்கார்ந்திருந்தார். நட்சத்திரங்களுக்கு நடுவே வழி தவறிய அந்தக் கப்பலில் முதல் ஒளிபரப்பின்போது ஏழே பேர், ஏழே நாற்காலி. அன்று மாலை ஆறு மணிக்கு ஊரே அவரைப் பார்த்தது. அதன்பிறகு ஊரில் அவர் இல்லை; அவருடைய சைக்கிள் மட்டும் யார் வீட்டுக் கேட்டிலோ சாய்ந்து கிடந்தது. இருபதாம் ஆண்டில் ஒன்பதாவது நாற்காலி வந்தது. அதில் கணக்கு டீச்சர். திருத்தாத விடைத்தாள் கட்டு மேசையிலேயே தங்கிவிட்டது.

இரண்டையும் முன்கூட்டியே பார்த்தவள் ஒருத்தி உண்டு. ஒளிபரப்பு நிலையத்தில் படநாடாவை முன்னதாக ஓட்டிச் சரிபார்ப்பது அவள் வேலை. மதியமே படத்தை ஓட்டி, காட்சிக்குக் காட்சி தலைகளை எண்ணிப் படிவத்தில் எழுதுவாள். தபால்காரரை மூன்று மணிக்கு நாடாவில் பார்த்தாள்; நான்கு மணிக்கு அவரே நிலையத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது. 'ஆட்கள்: எட்டு. சரி' என்று கையெழுத்துப் போட்டாள். டீச்சருக்கும் அப்படியே, 'ஒன்பது. சரி.'

முப்பதாம் ஆண்டில், பத்தாவது நாற்காலியில் அவளுடைய தம்பி இருந்தான். வெள்ளிச் சட்டை, படிய வாரிய தலை, நாற்பது விநாடி. அவள் அவனுடைய முடிதிருத்தும் கடைக்குப் போன் போட்டாள்.

"டேய், எங்கடா இருக்க?"

"கடைக்குப் போன் போட்டுட்டு எங்க இருக்கன்னு கேக்குற. ஒருத்தர் மூஞ்சி பூரா நுரையோட உக்காந்திருக்காருக்கா. சொல்லு."

"ஒண்ணுமில்ல. வையி."

கத்தரிக்கோலை எடுத்தாள். அந்த நாற்பது விநாடியை வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி, துண்டைத் தகர டப்பாவில் போட்டு மூடினாள். 'ஆட்கள்: ஒன்பது. சரி.' வாழ்க்கையில் அவள் எழுதிய முதல் பொய்.

தம்பி போகவில்லை. முழுசாகப் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து தினமும் மாலை, அந்தத் துண்டு ஓடியிருக்க வேண்டிய ஆறு பன்னிரண்டுக்கு, நாற்பது விநாடி அவன் கடையில் இருக்கமாட்டான், கையில் பிடித்த சவரக்கத்தியோடு. பாதி மழித்த முகத்தோடு வாடிக்கையாளர்கள் பேப்பர் புரட்டிக் காத்திருப்பார்கள். திரும்பி வரும்போது அவன் விரல்கள் ஐஸ்கட்டியாகச் சில்லிட்டிருக்கும்.

"அங்க என்னடா பண்ற?"

"எல்லாருக்கும் முடி காடா வளந்திருக்குக்கா. வரிசையில நிக்கிறாங்க. தபால்காரர்தான் முதல் ஆளு. யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறாங்க."

டப்பாவில் நாடா வளர்ந்தது. முதல் வருடம் உள்ளங்கையில் இரண்டு சுற்று; நான்காம் வருடம் டப்பா மூடவில்லை; ஏழாம் வருடம் பீரோவில் ஒரு தட்டு. நாடாவுக்கு ஏற்ப அவன் போகும் நேரமும் நீண்டது. எரித்துவிடலாம் என்று ஒருமுறை, தம்பியோடு போனில் பேசிக்கொண்டே தீக்குச்சியைக் கிழித்தாள்; அந்தப் பக்கம் அவன் இருமும் சத்தம் கேட்டதும் ஊதி அணைத்தாள்.

நாற்பதாம் ஆண்டு விழாவுக்கு நிலையம் விளம்பரம் செய்த வாரம், கடைக் கதவில் புது அட்டை தொங்கியது: 'இங்கே காலை ஒன்பது முதல் பதினொன்று வரை. மற்ற நேரம் கப்பலில்.' எழுதியது அக்காதான். பழக்கம் விடவில்லை, கீழே 'சரி' என்று போட்டுக் கையெழுத்தும் இட்டிருந்தாள். வாடிக்கையாளர்கள் படித்துப் பார்த்துவிட்டு, காலையிலேயே வர ஆரம்பித்தார்கள்.