கும்பாரகெரேயின் ஊசிவால் வாத்துகள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: சைபீரியா முதலிய தூரதேசங்களிலிருந்து பாஸ்போர்ட் இல்லாமல் நமது மைசூர் ராஜ்யத்தில் பிரவேசித்துத் தங்கியிருக்கும் நீர்ப்பறவைகள் அனைத்தும், வருகிற 1959-ம் வருஷம் ஜனவரி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை, தொண்டர்களால் எண்ணப்படும். தேசத்தின் கௌரவம் இதில் அடங்கியிருக்கிறது.

கீழே பறவை நேசர் சங்கத் தலைவர் ஸ்ரீகண்டனின் கையெழுத்து. வாரத்தில் ஆறு நாள் அவர் கண்டோன்மென்ட்டில் ஒரு சர்க்கார் அலுவலகத்தின் மேலதிகாரி. ஆகவே சங்கத்துக்குத் தொண்டர் தட்டுப்பாடு வந்ததே இல்லை. 'விருப்பமுள்ளோர்' என்ற தலைப்பின் கீழ் ஊழியர்களின் பெயர்களை முன்கூட்டியே டைப் அடிக்கச் சொல்லிவிடுவார். அடித்தவர் தியோடர். விரும்பியவர்களில் அவரும் ஒருவர் என்பது அடிக்கும்போதுதான் அவருக்கே தெரிந்தது.

தியோடருக்குக் காகம் தெரியும். கிறிஸ்துமஸ் சமயத்தில் கோழியும் தெரியும். ஆறு வருஷமாகத் தற்காலிக டைப்பிஸ்ட். மார்ச்சோடு தற்காலிகங்களைக் கழித்துக்கட்டப் போகிறார்கள் என்று பேச்சு. அவரை நிரந்தரமாக்கும் ஃபைல் ஸ்ரீகண்டனின் மேஜைமேல், கண்ணாடிக் குண்டு ஒன்றின் அடியில், நாலு மாதமாக மூச்சுவிடாமல் கிடந்தது. லிங்கராஜபுரம் வீட்டில் டோரதிக்கு ஏழாம் மாதம்.

அவருக்கு ஒதுக்கப்பட்டது ஆனேக்கல் ரோட்டிலுள்ள கும்பாரகெரே. தலைவரின் செல்ல ஏரி. போன வருஷம் அங்கே தலைவர் தாமே நேரில் போய் எண்ணிய ஊசிவால் வாத்துகள் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றைப் பற்றி முக்கால் மணி நேரம் சொற்பொழிவாற்றி, ரோஜா மாலையும் வாங்கியிருக்கிறார்.

"வாத்து எது, நாரை எதுன்னே தெரியாதுப்பா. தப்பா எழுதிட்டா என் ஃபைல் கதி என்ன?" என்று சனிக்கிழமை பியூன் பச்சைமுத்துவிடம் புலம்பினார் தியோடர்.

"ஆறு வருஷமா இங்க குந்தினு இன்னா கத்துக்கினீங்க சார்? போன வருஷக் கணக்க எடுங்க, நூத்துக்கு அஞ்சு ஏத்துங்க. நம்ம ஆபீஸ் ரிப்போர்ட்டே அப்படித்தான போவுது? கொறஞ்சாதான் கேள்வி. ஏறுனா ஒருத்தனும் வாய் தொறக்க மாட்டான்."

இது தியோடருக்குப் புரிந்த பாஷை. நூற்றுக்கு ஐந்து ஏற்றியபோது நானூற்று முப்பத்திரண்டு வாத்துகளும் ஒரு வாத்தில் நூற்றுக்கு அறுபது பங்கும் வந்தன. மீதி நாற்பது பங்கு இல்லாமல் அது எப்படி நீந்தும் என்று யோசித்து, 433 என்று முழுசாக்கி, சங்கத்தின் படிவத்தில் கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்துவிட்டார். சங்கத்துக்கு ஒரு பிரதியைத் தபால்பெட்டியில் அன்றைக்கே போட்டும்விட்டார்.

ஞாயிறு காலை டோரதி பிடித்துக்கொண்டாள். "பூசைக்கு வராம கொக்கு எண்ணப் போறீங்களா? ஃபாதர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"ஃபைலுன்னு சொல்லு."

அதான் கணக்கு போய்விட்டதே, வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் தலைவர் 'ஏரி எப்படி?' என்று கேட்டால் சொல்ல ஒரு வர்ணனை வேண்டாமா? பஸ் ஏறி, ஒரு மைல் நடந்து, மூச்சிரைக்கக் கரைமேல் ஏறினார். சங்கத்தின் ஒரே பைனாகுலர் தலைவரின் கழுத்தில் இருந்ததால் வெறுங்கண்ணால் பார்த்தார்.

ஏரி முழுக்க அவரைக்காய் காய்த்திருந்தது.

காய் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை நிமிர்ந்தாள். பெயர் பாகீரதியாம். "கெரேவா? கரை ஒடஞ்சி மூணு வருஷம் ஆச்சே சாமி! தண்ணி எல்லி, எங்க இருக்கு?" என்று சிரித்தாள். "போன வருஷமும் ஒரு தொரை வந்தாரு. தொப்பி, கழுத்துல துர்பீனு. ஒரு சுத்து பாத்தாரு. ரெண்டு சேரு அவரக்கா வாங்கினு போய்ட்டாரு."

சைபர் என்று திருத்தினால் தலைவரின் நானூற்றுப் பன்னிரண்டு பொய். அவர் கழுத்தில் விழுந்த மாலையும் பொய். திருத்தாவிட்டால், போகாமலே கணக்கு எழுதியவன் என்று அவரே பிடித்துக்கொள்ளலாம். ஏரியைத்தான் பார்த்திருக்கிறாரே! இரண்டு பக்கமும் அந்த ஃபைல்தான் கிழிந்தது. பாகீரதி மஞ்சள்பையில் அள்ளிப் போட்ட காய் மடியில் கனக்க, பஸ்ஸில் வியர்த்துக்கொண்டே திரும்பினார். ராத்திரி டோரதி அதைக் குழம்பு வைத்தாள்; அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

திங்கள் காலை அழைப்பு வந்தது. ஸ்ரீகண்டன் படிவத்தைக் கையில் வைத்திருந்தார்.

"நானூத்து முப்பத்து மூணு."

"ஆமா, சார்."

"நீர்மட்டம்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டிருக்கீங்களே, மிஸ்டர் தியோடர்?"

தியோடர் டோரதியை நினைத்தார். வேறு எதுவும் தோன்றாததால் உண்மையைச் சொன்னார்.

"போன வருஷம் நீங்க பார்த்தப்ப இருந்த மாதிரியேதான் இருக்கு, சார்."

ஸ்ரீகண்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். பிறகு, சங்கத் தலைவருக்கும் மேலதிகாரிக்கும் சம்பந்தமில்லாத ஒரு சின்னக் குரலில் கேட்டார்:

"அவரைக்காய்... இந்த வருஷம் வாசனை எப்படி?"

"கை கழுவினாலும் போகலை, சார்."

கண்ணாடிக் குண்டு நகர்ந்தது. பேனா திறந்தது.

அந்த வருஷ ஆண்டு விழாவில், கும்பாரகெரேயில் ஊசிவால் வாத்துகள் நூற்றுக்கு ஐந்து வீதம் பெருகியிருப்பது சங்கத்தின் அயராத தொண்டுக்குக் கிடைத்த வெற்றி என்று தலைவர் முழங்கினார். நிரந்தர டைப்பிஸ்ட் தியோடர் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

கும்பாரகெரேயில் தண்ணீர் கிடையாது.