கதவைச் சாத்திக்கிட்டுக் கழுவு

மீன்சுருட்டி கடைத்தெருவைத் தாண்டி, கும்பகோணம் போகிற ரோட்டோரம் குழந்தைவேலுக்கு இரண்டு வீடுகள். ஒன்றில் அவரும் மனைவி ஜெயசித்ராவும் இருந்தார்கள். மற்றதை, கங்கைகொண்ட சோழபுரம் கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டிருந்தார்கள். புக்கிங் எல்லாம் செல்போனில்தான். அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்து, பாத்ரூம் கழுவுவது கலையரசி. நாலு வருஷமாக வருகிறாள். அவள் புருஷன் அரியமுத்து கொத்தனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தது சென்னைக் குடும்பம். தமிழழகன் என்பவர் ஆறு பேர் என்று சொல்லிவிட்டு, கைக்குழந்தையோடு ஒன்பது பேராக வந்திருந்தார். பதினோரு மணிக்குக் காலி செய்ய வேண்டும். ஒரு மணிக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள்.

பத்தரைக்குக் குழந்தைவேல் உள்ளே போய்ப் பார்த்தார். மெத்தையில் மீன் குழம்பு கொட்டியிருந்தது. சமைத்த பாத்திரமெல்லாம் அப்படியே கிடந்தது. கக்கூஸில் குழந்தையின் டயப்பரைப் போட்டுத் தண்ணீர் விட்டதில், அது அடைத்துக்கொண்டு தரையெல்லாம் வழிந்திருந்தது.

"என்ன சார் இது? பாத்திரம் கழுவி, குப்பையக் கட்டி வாசல்ல வைக்கணும்னு செவுத்துலயே எழுதி ஒட்டியிருக்கோம்ல?"

"கிளீனிங் சார்ஜுன்னு தனியாத்தானே வாங்குறீங்க? அப்புறம் நாங்க எதுக்குக் கழுவணும்?"

"பெருக்கித் துடைக்கத்தான் சார் அது. டயப்பர அள்ளுறதுக்கில்ல."

"அதுக்குத்தான் ஆள் நிக்குதே" என்று தமிழழகன் வாசலைக் கைகாட்டினார். அங்கே வாளியும் துடைப்பமுமாகக் கலையரசி நின்றுகொண்டிருந்தாள்.

பேச்சு வளர்ந்தது. டயப்பரை எடுத்துப் போடாமல் கார் நகரக் கூடாது என்று குழந்தைவேல் கேட்டைச் சாத்தினார். தமிழழகனின் மனைவி போனில் வீடியோ எடுத்தாள். யாரும் பாத்ரூம் பக்கம் போகவில்லை. கடைசியில் பன்னிரண்டே கால் மணிக்குக் கேட்டைத் திறந்துவிட வேண்டியதாயிற்று.

அடுத்த ஆட்கள் வர இருந்தது முக்கால் மணி நேரம். கலையரசியை மெத்தை உறையை மாற்ற அனுப்பிவிட்டு, ஜெயசித்ரா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாத்ரூம் வாசலில் நின்றாள். உள்ளே கால் வைக்க மனசு வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே ஆசிட் பாட்டிலைச் சாய்த்துக் கோப்பையிலும் தரையிலும் முழுக்க ஊற்றினாள். காலி பாட்டிலைக் கொல்லையில் வீசினாள்.

"கலை, அத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல பாத்ரூம முடி. நாத்தம் ஹாலுக்கு வருது, கதவச் சாத்திக்கிட்டுக் கழுவு."

ஆசிட் ஊற்றியிருப்பதைச் சொல்லவில்லை. அவசரத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

கலையரசி பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு உள்ளே போனாள். அந்த நாற்றத்தில் ஆசிட் வாடை தனியாகத் தெரியவில்லை. குனிந்து, கையுறை போட்ட கையால் டயப்பரை இழுத்து எடுத்தாள். பிறகு பவுடரைக் கோப்பையில் கொட்டினாள், தரையெல்லாம் தூவினாள்.

ஜெயசித்ராவுக்கு இருமல் சத்தம் கேட்டது. பிறகு வாளி உருளும் சத்தம். கதவைத் தள்ளினால் முழுசாகத் திறக்கவில்லை. கலையரசி கதவை ஒட்டி விழுந்து கிடந்தாள். மஞ்சளும் பச்சையுமாகப் புகை கண்ணைக் கரித்தது. குழந்தைவேல் ஓடிவந்து அவளை வெளியே இழுத்துப் போட்டார். வாயில் நுரை தள்ளியிருந்தது.

ஜெயங்கொண்டத்தில் முதலுதவி செய்து அரியலூருக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் கேட்டார்: "என்ன ஊத்தினாங்க?"

"பிளீச்சிங் பவுடர் சார்" என்றார் குழந்தைவேல். "அந்தப் பொண்ணு தெரியாம ஆசிட்டையும் கலந்துடுச்சி போல."

ஜெயசித்ரா பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

பதினாறு நாள் கழித்துக் கலையரசி வீடு திரும்பினாள். உயிர் தப்பினாலும் நுரையீரல் வெந்து போயிருந்தது. தெருக்குழாய் வரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது.

அதற்குள் போனில் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. வீடு புக் செய்கிற பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி, "வீடு சுத்தமில்லை, கேட்டைப் பூட்டி மிரட்டினார்கள்" என்று தமிழழகன் எழுதியிருந்தார். "உங்கள் அசிங்கத்தை அள்ளப்போய் எங்கள் வேலைக்காரப் பெண் சாகக் கிடக்கிறாள்" என்று குழந்தைவேல் பதில் போட்டார். "எதை எதோடு கலப்பது என்றுகூடத் தெரியாத ஆளை வைத்தது உங்கள் தப்பு" என்று தமிழழகன் திருப்பி எழுதினார். குழந்தைவேல் விடவில்லை: "அவள் அறியாமல் செய்த தவறுக்கு நாங்கள் பொறுப்பல்ல."

அதை ஜெயசித்ராவும் படித்தாள். அன்று சாயங்காலமே கலையரசி வீட்டுக்குப் போனாள். அரியமுத்தும் இருந்தான்.

"கலை, ஆசிட்ட ஊத்துனது நான்தான். உங்கிட்ட சொல்லாம உட்டுட்டேன்."

கலையரசி சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "தெரியுங்கக்கா. பவுடர் மட்டும் போட்டா அப்புடிப் பொங்காது. நாலு வருசமா கழுவுறேன், ரெண்டையும் சேக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே கெடந்தேன்."

அரியமுத்து எழுந்து நின்றான். "என்கிட்ட கூடச் சொல்லலையேடி." பிறகு ஜெயசித்ராவைப் பார்த்தான். "இத டாக்டர்கிட்ட வந்து சொல்லணும் நீங்க."

"வரேன்."

"போன்ல எழுதியிருக்கீங்களாமே, நான் தெரியாம செஞ்சேன்னு" என்றாள் கலையரசி. "தெருவே அதத்தான் பேசுது. அதையும் மாத்திப் போடுங்க."

மறுநாள் காலை பஸ்ஸில் ஜெயசித்ரா அரியமுத்துவோடு அரியலூர் போனாள். டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டார். அன்றைக்கே தெரிந்திருந்தாலும் வைத்தியத்தில் பெரிய மாற்றம் இருந்திருக்காது என்றார்.

வீட்டில் குழந்தைவேல் குதித்தார். "நம்ம வாயால நம்மளே எழுதிக்கிறதா? நாளைக்குக் கேசு வந்தா நீயா போயி நிப்பே?"

"நான்தான் நிக்கணும்" என்று அவர் போனை வாங்கி, நடந்ததை நடந்தபடி எழுதினாள்: ஆசிட் ஊற்றியது நான், கதவைச் சாத்தச் சொன்னதும் நான், கலையரசி மேல் தப்பில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. போலீஸ் இரண்டு தரம் வந்து விசாரித்தது. மருந்து வாங்கிக்கொண்டு ஜெயசித்ரா வாரம் ஒருமுறை கலையரசி வீட்டுக்குப் போவாள். கலையரசி "வாங்க" என்பாள். உட்காரச் சொன்னதில்லை.