உப்புப் பார்க்க ஓர் ஆள்

1.

இந்தக் கதை ஒரு துண்டுப்பிரசுரத்தில் இருந்து வந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. முல்லைத்தீவுப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும் கஜேந்தினி ஒருநாள் ஃபோன் எடுத்து, "அண்ணை, நீங்கள் எழுதுற ஆள்தானே, ஒரு சின்ன உதவி" என்றார். தலைப்பை அவரே தந்துவிட்டார்: 'குடிக்குப் பதிலாகப் பின்னேரத்தைக் கழிக்கப் பத்து வழிகள்.' ஒரு பக்கம் போதும், ஊர் ஊராகக் கொடுப்பார்களாம்.

பத்துத்தானே என்று உட்கார்ந்தேன். ஒன்று, கரப்பந்து. இரண்டு, வீட்டுத்தோட்டம். மூன்று, கோயில். நான்கு, வாசிகசாலை. ஐந்து,

அந்தக் காற்புள்ளியை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் குடித்தேன். நான்காவதே பொய். எங்கள் சந்தியின் வாசிகசாலை ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. திறப்பு வைத்திருப்பவரைப் பிடிக்க வேண்டுமென்றால் சாராயத் தவறணைக்குத்தான் போக வேண்டும்.

(சந்தியின் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் அந்தத் திறப்புக்காரர் என்னோடு கதைக்க மாட்டார். ஏழெட்டுக் கடை, ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு தவறணை. வன்னியில் இப்படிச் சந்திகள் நிறைய உண்டு, உங்களுக்குப் பிடித்த ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.)

2.

முதல் தொடக்கம்: "பொன்னிற மாலை வெயில் வயல்வெளியைத் தழுவிக்கொண்டிருக்க, சிவராசா தன் வாழ்க்கையை எண்ணி" — எண்ணவில்லை. மேசன் வேலை முடித்துவிட்டு வருகிற மனிதன் வாழ்க்கையை எண்ணமாட்டான், குளிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் யோசிப்பான்.

இரண்டாம் தொடக்கம்: "குடி குடியைக் கெடுக்கும்" — இதைப் போத்தலிலேயே எழுதி விற்கிறார்கள். ஒருவரும் விட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். எங்கள் சந்திக்காரர் சிவராசாவுக்கு ஐம்பத்தொரு வயது. குடியை விட்டு அன்றைக்கு நாற்பத்திரண்டு நாள். விட்டது பெரிய வீரத்தினால் அல்ல. மனைவி இரஞ்சிதம் சத்தம் போடாமல் ஒரே ஒரு வசனம் சொன்னார்: "இனி ஒருக்கா உங்கட வாய் மணத்துதெண்டால் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உடையார்கட்டுக்குத் தங்கச்சி வீட்டை போயிடுவன், பிறகு வரமாட்டன்." இருபத்தைந்து வருடமாகக் கத்திய மனிசி கத்தாமல் சொன்னதுதான் சிவராசாவைப் பயப்படுத்தியது.

3.

காலையில் குடிக்காமல் இருப்பது சுகம். பிரச்சினை ஐந்து மணிதான். சாந்தகப்பையைக் கழுவி வாளிக்குள் போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினால், கால் தானாகவே தவறணைப் பக்கம் மிதிக்கும். இருட்டி வீடு போய்ச் சேரும்வரைக்கும் இரண்டு மணித்தியாலத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

என்னுடைய முதல் மூன்று வழிகளையும் சிவராசா எனக்கு முன்பே செய்து பார்த்திருந்தார். கரப்பந்துக்குப் போனார், மூன்றாம் நாள் முழங்கால் வீங்கியது. கோயில் பசனைக்குப் போனார். பக்கத்தில் இருந்து தாளம் போட்டவரிடமிருந்து வந்த மணத்தில் அவருக்கே வாயூறியது, எழும்பி ஓடி வந்தார். வீட்டுத்தோட்டம் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. ஒவ்வொரு பின்னேரமும் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர், அது முடிய இன்னொருமுறை தண்ணீர். கடைசியில் இரஞ்சிதம் வாளியைப் பறித்தார்.

"இஞ்சருங்கோ, உங்கட விசருக்கு மிளகாயைக் கொல்லாதையுங்கோ. வேரெல்லாம் அழுகிப்போச்சு."

பிறகு குளத்தில் மீன் பிடிக்கப் போனார். அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. எங்கள் குளங்களில் தூண்டிலோடு வருகிற எவரும் தூண்டில் மட்டும் கொண்டு வருவதில்லை.

4.

பாறூக்கை இப்போது கொண்டுவருகிறேன். சந்தியில் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். தொண்ணூறில் வடக்கின் மற்ற முஸ்லிம்களைப் போலக் குடும்பத்தோடு வெளியேற வேண்டிவந்து, இருபத்திரண்டு வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். சிவராசாவைவிட ஏழு வயது கூட. கடை முகப்பில் ஒரு கரம் பலகை, இரண்டு முக்காலி. ஒருநாள் சைக்கிளுக்குச் செயின் வாங்கப் போன சிவராசா, ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வந்தார். அடுத்த நாள் செயின் தேவைப்படவில்லை, ஆனாலும் போனார்.

[எனக்குப் பாறூக்கில் ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவர் நல்லவராகவே இருந்தார். அப்படி ஒரு மனிதரை ஊரில் நான் கண்டதில்லை. சிவராசாவிடம் கேட்டேன். "நல்ல மனுசன்தான், ஆனால் அழாப்புவார்" என்றார். ஆட்டத்தின் நடுவில், "ஆரு கூப்பிடுறது?" என்று றோட்டுப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, சின்னவிரலால் காயை ஓர் அங்குலம் தள்ளிவிடுவாராம். பெரிய ஆறுதல். இனி அவரை நம்பலாம்.]

ஆறரை ஆகும்போது பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள். பாறூக் கையைத் தட்டிக்கொண்டு எழும்புவார்.

"தம்பி, கடையைப் பாத்துக்கங்க. தொழுதிட்டு வாறன்."

இருபது நிமிடம். கடை திறந்து கிடக்கும். எதிர்ப் பக்கத்தில் தவறணைக்குப் போகிற கூட்டாளிகள் கையைக் காட்டிக் கூப்பிடுவார்கள். சிவராசா டியூப்பும் றிம்மும் தொங்குகிற கடையின் நடுவில் இருந்து கையை ஆட்டிவிட்டு அங்கேயே இருப்பார்.

கரம்தான் அவரைக் காப்பாற்றியது என்று எழுதி வைத்திருந்தேன். சிவராசா அதை வாசித்துவிட்டுத் தலையாட்டினார்.

"இல்லை அண்ணை. கரத்தை விட்டிட்டு எத்தினை தரம் எழும்பப் பாத்தனான் தெரியுமே? ஆனால் அந்த மனுசன் கடையை என்னட்டை விட்டிட்டுப் போன நேரம் எழும்பேலாதெல்லே."

வெட்டிவிட்டேன்.

5.

நாற்பத்திரண்டாம் நாள் பின்னேரம் பாறூக் காய்களைப் பைக்குள் போட்டுக் கட்டினார்.

"தம்பி, நாளைக்குத் தலை நோன்பு. முப்பது நாளைக்குப் பலகையைச் சுவரோட சாத்தப் போறன். பின்னேர அஸர் தொழுகையோட கடையும் பூட்டு."

சிவராசா கணக்குப் போட்டார். முப்பது நாள். முப்பது ஐந்து மணி. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பாறூக் கடைக் கதவை இழுத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு அஞ்சு மணிக்குப் பள்ளிக்குப் பின்னால வாங்க. நோன்புக் கஞ்சி காய்ச்சுற இடத்துக்கு. ஒரு வேலை இருக்கு, உங்களாலதான் ஆகும்."

என்ன வேலை என்று பாறூக் சொல்லவில்லை, சிவராசா கேட்கவும் இல்லை. விறகு கொத்துவதாக்கும், கிடாரம் தூக்குவதாக்கும் என்று நினைத்தார். வீட்டுக்குப் போகும் வழியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லோரும் பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் நிற்கிற இடத்துக்கு, வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு போவது மரியாதையா?

விடியமுதல் எழும்பிச் சாப்பிட்டுவிட்டுத்தான் நோன்பைப் பிடிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடேயே நிறுத்திவிட்டார்.

6.

அடுத்த நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. சிவராசா மதில் ஒன்றுக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். பத்து மணித் தேத்தண்ணீரை வேண்டாம் என்றார், மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது ஐந்து தாண்டிவிட்டது. வாளியும் தூக்குச்சட்டியுமாகக் கஞ்சிக்கு வந்தவர்கள் வேலியோரம் நின்றார்கள். கிடாரத்தில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஸஜாத் என்கிற சமையற்காரர் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார். இஞ்சியும் உள்ளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து வந்த வாசம் சிவராசாவின் வயிற்றைப் பிராண்டியது.

பாறூக் ஓர் அகப்பையில் அள்ளி, ஊதி ஆற்றி, நீட்டினார்.

"பாருங்க தம்பி. உப்புச் சரியா?"

சிவராசா இரண்டடி பின்னால் போனார்.

"நானா, நானும் நோன்பு."

"என்னது?"

"ராத்திரிச் சாப்பிட்டதுதான். தண்ணியும் குடிக்கேல்லை. உங்களுக்கு முன்னால நான் மட்டும் திண்டிட்டு வந்து நிக்கிறதே எண்டு..."

ஸஜாத் துடுப்பை விட்டுவிட்டு நிலத்தில் குந்திச் சிரித்தார். பாறூக் அகப்பையோடு நின்றார்.

"தம்பி, உங்களக் கூப்பிட்டதே உப்புப் பாக்கத்தான்! நோன்போட நாங்க நாக்கில வைக்கமாட்டம். போன வருசம் கண்ணளவில போட்டு மூண்டு நாள் கடல் தண்ணி. சின்னப் பிள்ளைகளக் கேட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கு எண்டுதுகள். வளந்த ஆள் ஒண்டு வேணுமெண்டு தேடித்தான் உங்களச் சொன்னனான்!"

"அப்ப இப்ப குடிக்கட்டே?"

பாறூக் அவருடைய வெடித்த உதட்டைப் பார்த்தார். "வேணாம். இவ்வளவு நேரம் இருந்திட்டீங்க. இன்னும் ஒரு மணித்தியாலந்தான்."

அப்போதுதான் சிவராசா நேரத்தைப் பார்த்தார். ஐந்து இருபத்தைந்து. ஐந்து மணி வந்துபோனதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆனால் கஞ்சிக்கு உப்புப் பார்க்க வேண்டுமே. வீட்டுக்கு ஃபோன் எடுத்தார்.

"இரஞ்சிதம்... உடன... பள்ளியடிக்கு வா. அவசரம்."

காய்ந்த நாக்கில் சொற்கள் கொழகொழவென்று விழுந்தன. இருபத்தைந்து வருடமாக இரஞ்சிதத்துக்குப் பழக்கமான சத்தம்.

(இனி வருவது இரஞ்சிதம் பிறகு எனக்குச் சொன்னது. அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்தாராம். சைக்கிள் மிதிக்கும்போது அழவில்லையாம், உடையார்கட்டு பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தாராம். முதலில் மகள் வினோஜாவின் புத்தகப் பையை எடுக்க வேண்டும், உடுப்பைப் பிறகு பார்க்கலாம்.)

அவர் வந்து இறங்கியபோது சிவராசா விறகுக் கட்டையில் இருந்தார். புகையில் கண் இரண்டும் சிவந்திருந்தன. மனைவியைக் கண்டதும் எழும்பினார், எழும்பிய வேகத்தில் தலை சுற்றித் தள்ளாடினார்.

இரஞ்சிதம் அத்தனை பேருக்கும் முன்னால் போய், அவருடைய சேட்டுக் கழுத்தைப் பிடித்து முகத்தை இழுத்து, வாயை முகர்ந்து பார்த்தார். பிறகு இன்னொருமுறை. பட்டினி வயிற்றின் மணம். விறகுப் புகை. வேறொன்றும் இல்லை.

"என்னப்பா, காலமையில இருந்து சாப்பிடேல்லையே?" என்றார். பிடித்த சேட்டை அவர் விடவில்லை.

பாறூக் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, வந்தது வந்தீங்க. இந்த உப்பைக் கொஞ்சம் பாருங்க. இறைச்சி போடேல்ல. உங்களுக்கெண்டு இல்ல, இண்டைக்குக் கிடைக்கேல்ல."

இரஞ்சிதம் ஒரு கையால் புருசனைப் பிடித்தபடி, மற்றக் கையால் அகப்பையை வாங்கிக் குடித்தார். கொஞ்சம் யோசித்தார்.

"காணாது. இன்னுமொரு கைப்பிடி போடுங்கோ."

7.

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் எல்லோரும் சிரித்தார்கள், பாங்கு சொன்னார்கள், சிவராசா பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தார். நடந்ததும் அதுதான், ஆனால் படம் பிடிக்கக் கூட்டி நிறுத்தியது போலிருக்கிறது. இரண்டாவதில் பெருநாளுக்கு அடுத்த நாள் அவர் தவறணைக்குப் போகிறார். அதை எழுதிய அன்றைக்கு எனக்கே கோபம் வந்து கிழித்துவிட்டேன். மூன்றாவது பாதியில் நிற்கிறது: "மிச்ச நாளெல்லாம் சிவராசா மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து உப்புப் பார்த்தார், முதல் கிழமை அவர் நாக்கை நம்பி"

கஜேந்தினிக்குத் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்தேன். ஐந்தாவது வழி: 'ஐந்து மணிக்கு நீங்கள் இல்லாவிட்டால் கெட்டுப்போகிற ஒரு வேலையைப் பிடியுங்கள்.' அத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டேன். "அண்ணை, பத்து வேணுமே" என்றார். மிச்சம் ஐந்தையும் அவரே நிரப்பினார். எட்டாவது, முத்திரை சேகரித்தல்.

இந்தக் கதையின் பிரதியை இரஞ்சிதத்திடம் காட்டினேன். முகர்ந்து பார்த்த இடம் அவருக்கு வெட்கமாக இருக்கும், எடுக்கச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் வாசித்து முடித்துவிட்டு வேறொரு திருத்தம் சொன்னார்.

"அண்டைக்கு மட்டும் மோந்து பாத்தமாதிரி எழுதியிருக்கிறியள். இப்பவும் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். அவர் குடியை விட்டு இருநூற்றிப் பத்து நாளாச்சு. அவரும் வந்த உடன முகத்தைக் குனிஞ்சு தருவார். அதை எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். இன்றைக்கு இருநூற்றுப் பதினொன்று. இருட்டப் போகிறது. சிவராசா படலைக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். இரஞ்சிதம் கையைத் துடைத்துக்கொண்டு குசினியில் இருந்து வெளியே வருகிறார். சிவராசா சைக்கிளை நிறுத்திவிட்டு முகத்தைக் குனிகிறார். அவர்களுக்கு நடுவில் எழுத்தாளனுக்கு வேலை இல்லை, நான் விலகிக்கொள்கிறேன். நீங்கள் வேண்டுமானால் கிட்டப் போய் முகர்ந்து பாருங்கள்.