பெஞ்சில் மூன்றாவது பெண்

ஞானகுமாரி எழுதிய பதினொரு நாடகங்களில் ஆறு பெண்கள் நோயில் செத்திருந்தார்கள். ஒருத்திகூட வாந்தி எடுத்ததில்லை. வெள்ளைப் புடவை, தலையணை மேல் விரித்துவிட்ட கூந்தல், இரண்டு இருமல், கணவனுக்கு நீளமாக ஒரு வசனம். பிறகு தலை சாயும், ஆர்மோனியம் அழும், திரை விழும். அம்பத்தூர்ப் பங்குக் கோயில் மைதானத்தில் மாதா திருவிழாவுக்கு அவள் நாடகம் என்றால் மேனாம்பேட்டிலிருந்துகூடப் பாயோடு வந்து இடம் பிடிப்பார்கள். முன்வரிசைப் பெண்கள் முந்தானையில் மூக்கைச் சிந்துவதைத் திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அது பெரிய சந்தோஷம்.

தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் சுருக்கெழுத்து நோட்டில் வசனம் எழுதிவிடுவாள். பதினொரு நாடகமும் அப்படி எழுதியவைதான்.

1987 ஜூன் மாதம், குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. அடுத்த மாதமே சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அந்த மார்பை எடுத்துவிட்டார்கள். ஊருக்குச் சொன்னது வேறு: கர்ப்பப்பை ஆபரேஷன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தவன் அவள் கணவன் எட்மண்ட்.

"தெரசா கல்யாணம் முடியட்டும், ஞானம். அப்புறம் நீ மைக் வெச்சுகூட சொல்லு. இப்ப சொன்னா, அம்மாவுக்கு வந்தது பொண்ணுக்கும் வரும்னு எவனும் வாசல்ல கால் வைக்க மாட்டான்."

எட்மண்ட் கெட்டவன் இல்லை. ஆபரேஷனுக்கு அவள் படுத்திருந்த பத்து நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் செய்தித்தாளை விரித்துப் படுத்துக் கிடந்தவன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவன் தன் பாயை ஹாலுக்கு எடுத்துப் போனான். உனக்கு இடைஞ்சலாக இருக்கும் என்றான். இருபத்திரண்டு வயது மகள் தெரசாவுக்கும் கர்ப்பப்பைக் கதைதான். ஞானகுமாரி குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு துணி மாற்றப் பழகினாள்.

அதன் பிறகு கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, ஐந்து வாரம், ஞாயிறு தவிர தினமும், ரயிலேறிப் போனாள். அந்த அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அங்கேதான் மேனாம்பேட்டு முனியம்மாவும் பூந்தமல்லி ஜுபைதாவும் அவளுக்குப் பழக்கமானார்கள்.

முனியம்மா கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். முதல் நாளே ரவிக்கையை விலக்கி, உடம்பில் ஊதா மையால் போட்டிருந்த கோடுகளைக் காட்டினாள்.

"மேஸ்திரி சுவத்துல நூல் புடிச்சு கோடு போடுவான் பாரு, அத்த மாதிரி போட்டு உட்டுட்டானுங்க. குளிக்கவும் கூடாதாம். நாறிப் பூடுவேன் போல கீது."

கட்டி இருப்பது எட்டு மாதமாகவே அவளுக்குத் தெரியுமாம். "சொன்னா வேலைக்குக் கூப்ட மாட்டான். அதான் சொல்லல. ஆபரேசன் ஆயி ஊட்டுக்குப் போனேன். எங்க ஊட்டுக்காரன் பாத்தான். வெளிய போய் ஒரு பீடி குடிச்சிட்டு வந்து, வலிக்குதாடின்னான். கல்யாணமாயி இருவது வருசத்துல என்னாண்ட அப்டி கேட்டது அதான் மொத தபா."

ஜுபைதா சிரித்துவிட்டாள். அவள் வீட்டிலேயே பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பவள். ஊர் ரவிக்கையெல்லாம் வெட்டியவளுக்கு இப்போது தன் ரவிக்கையை எப்படி வெட்டுவதென்று தெரியவில்லையாம். கடைசியில் ஒரு பை தைத்து, அதில் கேழ்வரகை ரொப்பி உள்ளே வைத்துக்கொண்டாள். ஞானகுமாரிக்கும் ஒன்று தைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

ஞானகுமாரி கேட்பதோடு சரி. கேட்டதையெல்லாம் ரயிலில் திரும்பும்போது சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டாள். தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். எழுத்துக்காரிக்குத் தீனி கிடைத்துவிட்டது.

அந்தக் குறிப்புகளை வைத்து எழுதிய புது நாடகம் அடுத்த வருஷம் மார்ச்சில் முடிந்தது. ஒரே ஒரு பெஞ்சு, திரை இல்லை, ஆர்மோனியம் இல்லை. இரண்டு நோயாளிகளும் ஒரு நர்சும் பேசுகிறார்கள். எழுதியதை அவர்களிடம் படித்துக் காட்டத்தான் வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. முதலில் மேனாம்பேடு போனாள். முனியம்மா ஜனவரியிலேயே செத்துப் போயிருந்தாள். அவள் கணவன் வாசலில் குந்திக்கொண்டு, விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு பீடியைப் பற்ற வைத்தான்.

"பேரை மட்டும் மாத்தாத, அம்மா. ரேசன் கார்டுல தவுர அவ பேரை எங்கயும் எழுதுனதே இல்ல."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்கு பஸ் ஏறினாள். தையல் மிஷின்களுக்கு நடுவே பாய் விரித்து உட்கார்ந்து, ஜுபைதாவுக்கு முழு நாடகத்தையும் படித்தாள். ஜுபைதா ஒரு சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா போட்டபடியே கேட்டாள்.

"ஆபரேஷன் ஆயி கண்ணு முழிச்சதும் நான் அழுதேன்னு எழுதியிருக்கே. நான் எங்க அழுதேன், அக்கா? பக்கத்துக் கட்டில்காரிக்கு மீன் கொழம்பு வந்துச்சு. எனக்கு அந்த மீனு வேணும்னு இருந்துச்சு. அவ்ளோதான்."

"மேடையில அது நல்லா இருக்காதேன்னு..."

"நல்லா இருக்கணும்னா நீ பழைய மாதிரியே எழுதேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சரி, இந்த நர்சு யாரு? அந்த பெஞ்சுல நர்சு எப்ப வந்து குந்துனா? நாம மூணு பேர்தானே இருந்தோம்?"

ஞானகுமாரி நோட்டை மூடினாள்.

"எங்க ரெண்டு பேர் சீலையும் அவுத்து நாலு பேர் முன்னால நிறுத்துற. நீ மட்டும் வெள்ளைக் கவுன் போட்டுகினு ஓரமா நிப்பியா? அந்தக் கரண்டு மேசை மேல ஏறிப் படுத்தப்ப நர்சாதான் படுத்தியா, ஞானக்கா?"

கோபமாகச் சொல்லவில்லை. தையல் கோணலாகப் போனதைச் சுட்டுவது போலத்தான் சொன்னாள். ஞானகுமாரிக்குக் காது வரைக்கும் சுட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள்.

நர்சை நோட்டிலிருந்து அடித்து நீக்கிவிட்டு மூன்றாவது பெண்ணை எழுத நான்கு மாதம் ஆனது. கணவன் பாயை ஹாலுக்கு எடுத்துப் போனதை எழுதினாள். அவன் வேறு எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் தனக்குள் விஷம் போல ஒன்று ஊறியதை எழுதினாள். ஆஸ்பத்திரியில் வாளியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்த காலையில், தன் ஆறு கதாநாயகிகளையும் நினைத்து வெட்கப்பட்டதை எழுதினாள். இவளைத் தெரிந்த யார் படித்தாலும் இவள்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பங்கு நாடக மன்றச் செயலாளர் ஜோசப்ராஜ் கண்டுபிடித்தாரா என்று தெரியவில்லை. படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, கோயில் மேடையில மார்பு மார்புன்னு எப்படிக்கா பேசுறது? நுரையீரல்னு மாத்திடலாம். அந்த மூணாவது பொம்பளை வேணாம். கடைசியில மாதா காட்சி ஒண்ணு. முனியம்மா எழுந்து நடந்துட்டா ஜனங்க கண்ணுல ஒத்திக்குவாங்க."

"முனியம்மா எழுந்து நடக்கல, தம்பி."

"நாடகம்தானேக்கா."

நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அந்த வருஷம் அவள் எழுதிய புது நாடகம் இல்லை என்று ஆனதும், மன்றத்தார் அவளுடைய பழைய நாடகம் ஒன்றையே தூசி தட்டி மேடையேற்றினார்கள்.

திருவிழா அன்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆவடியிலிருந்து வந்த சகாயம்மாள். அவருடைய மகனுக்குத்தான் தெரசாவைப் பேசி, ஏறக்குறைய முடிவாகியிருந்தது. மேடையில் கதாநாயகி கைக்குட்டையில் இருமினாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், முகத்தில் பவுடர் கலையாமல், கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு விடை பெற்றாள். மைதானமே விசும்பியது. ஞானகுமாரிக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் அவள் எழுதியது.

சகாயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவள் கையைப் பிடித்தார்.

"எவ்ளோ அழகா உயிரை விட்டா பாருங்க. எப்படித்தான் எழுதுறீங்களோ."

"அப்படி இருக்காதுங்க," என்றாள் ஞானகுமாரி.

"என்னங்க?"

"சீக்குன்னா அப்படி இருக்காது. அது தெரியாம எழுதிட்டேன். போன வருஷம் எனக்கு கேன்சர் வந்து ஒரு மார்பை எடுத்துட்டாங்க. அப்பதான் தெரிஞ்சுது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. சகாயம்மாள் கையை உடனே எடுத்துவிடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "கர்ப்பப்பைன்னு சொன்னாங்களே," என்றார். கூட்டம் கலையும்போது, பாடற்குழுவிலிருந்து வந்த தெரசாவின் கன்னத்தைத் தொட்டு, "அம்மாவைப் பாத்துக்கம்மா, கேன்சர்ன்னா சாதாரணம் இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் தெரசா கேட்டாள்.

"அவங்களுக்குச் சொல்லத் தெரிஞ்சுது. எனக்குச் சொல்லத் தெரியலையா?"

எட்மண்டுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். "ஒரு வருஷம் பொத்திப் பொத்தி வெச்சேனே, ஞானம். அஞ்சு நிமிஷத்துல போட்டு உடைச்சிட்டியே."

"பொய் சொல்லிட்டே ஒரு பொண்ணை புருஷன் வீட்டுக்கு அனுப்பி வெக்கறதா?" என்றாள் ஞானகுமாரி.

"பொய்னு தெரியுதுல்ல, அப்ப மொதல்லயே என்கிட்ட உண்மையைச் சொல்லி இருந்திருக்கலாமே!" தெரசா கத்தினாள். "இது என் கல்யாணம். உனக்கு உண்மை பேசணும்னு தோணுச்சு, பேசிட்ட. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லைதான். ஞானகுமாரி நின்ற இடத்திலேயே நின்றாள். சற்று நேரம் கழித்து, தாழ்ந்த குரலில் தெரசா கேட்டாள்.

"எனக்கும் வருமா?"

எட்மண்ட், "அதெல்லாம் ஒண்ணும் வராது," என்று அவசரமாகச் சொன்னான்.

"தெரியாதும்மா," என்றாள் ஞானகுமாரி. "வரலாம். வராமலும் போகலாம். டாக்டரும் அப்படித்தான் சொன்னார்."

தெரசா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நாள் கழித்து ஆவடியிலிருந்து ஆள் வந்தது. பையனுக்கு வெளிநாட்டு வேலை கிடைக்கிற மாதிரி இருக்கிறது, இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாமாம். எட்மண்ட் ஷிப்டு முடிந்து வந்தான், சாப்பிட்டான், படுத்தான், பேச்சில்லை. தெரசா தேவைக்கு மட்டும் பேசினாள். செய்தது சரியா என்று ஞானகுமாரி தன்னையே கேட்டுக்கொண்டாள். சகாயம்மாளிடம் சொன்னது சரி. தெரசாவைக் கேட்காமல் சொன்னது தப்பு. அடுப்படியிலும் டெலிபோன் போர்டு முன்னாலும் இந்த இரண்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

டிசம்பரில் ஜுபைதா சொல்லி அனுப்பினாள். தையல் கிளாஸ் பெண்களும் தெருப் பெண்களுமாகப் பகல் இரண்டு மணிக்குக் கூடுகிறார்கள், நாடகத்தைப் படித்துக் காட்ட வேண்டும். ஞானகுமாரி புறப்படும்போது தெரசாவும் தலை வாரிக்கொண்டு வந்து நின்றாள். ஏன் என்று இவள் கேட்கவில்லை.

பதினெட்டுப் பெண்கள் மிஷின்களுக்கு இடையே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஜுபைதா தன் பகுதியைத் தானே படித்தாள். மீன் குழம்பு வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். முனியம்மாவின் பகுதியை கிளாஸில் படிக்கும் ஜுலைகா என்ற பெண் படித்தாள். மூன்றாவது பெண்ணை ஞானகுமாரி படித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு மேடையிலும் நடித்ததில்லை. கணவனின் பாய் வந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். ஒரு மூதாட்டி பாதியில் எழுந்து போனார். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. வாசலருகே இருந்த ஒரு பெண் மட்டும், "கட்டி வலிக்குமா, வலிக்காதா?" என்று கேட்டாள். "எனக்கு வலிக்கல. அதான் மோசம்," என்று ஜுபைதா சொன்னாள். அந்தப் பெண் தன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஜுபைதா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பஸ்ஸில் தாயும் மகளும் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார்கள். வெகுதூரம் போன பிறகு தெரசா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"முனியம்மா வர இடமெல்லாம் நல்லா இருக்கு. அந்த மூணாவது பொம்பளைக்கு ஒரு பொண்ணு இருக்காளே, அவளைப் பத்தி ஒரு வரிகூட இல்ல."

"அது... உன்னைக் கேக்காம எப்படி எழுதறதுன்னு."

"சொல்லும்போது மட்டும் கேட்டியா?"

தெரசாவே மறுபடி ஆரம்பித்தாள். திருவிழா அன்று அந்த அம்மா கன்னத்தைத் தொட்டபோது தனக்கு என்ன தோன்றியது என்று சொன்னாள். அதற்குப் பிறகு தினமும் குளிக்கும்போது கை எங்கே போகிறது, அந்த ஆவடிப் பையனை எவ்வளவு பிடித்திருந்தது, அம்மா செத்துப் போயிருந்தால் கல்யாணம் நின்றிருக்காதே என்று ஒரு நாள் நினைத்துவிட்டு எப்படித் துடித்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். பஸ்ஸின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. ஞானகுமாரி மகளின் தோளருகே குனிந்து, "இன்னொரு தடவை சொல்லு," என்றாள்.

தெரசா முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொன்னாள்.